இறங்கத் தெரியாத அண்ணாச்சி

அவருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும், இறங்கத் தெரியாது. கேலிக்காக இதைச் சொல்லவில்லை. பாளையங்கோட்டையிலிருந்து குலசேகரன்பட்டினம் வரைக்கும் ஆற்றோரத்து ஊர்கள் அத்தனைக்கும் அன்றைக்கு இது தெரியும்.

ஏறுவதற்கு அவருக்கு ஒரு மைல்கல் வேண்டும், இல்லையென்றால் மதகுச் சுவர். அதன்மேல் ஏறி நின்று, வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, குதிரைமேல் ஏறுகிறவர் மாதிரி இருக்கையில் உட்கார்ந்து ஓர் உந்து உந்துவார். அப்புறம் வண்டி போகும், நன்றாகவே போகும். இறங்குவதற்குத்தான் ஆள் வேண்டும். ஊர் முகப்பு கண்ணில் பட்டதுமே மணியை அடிக்க ஆரம்பித்துவிடுவார். "பிடிங்கய்யா! ஏ, பிடிங்க! வாரேன், வாரேன்!" என்று ஒரே சத்தம். வயலில் நிற்கிறவன், கடையில் இருக்கிறவன், குளித்துவிட்டு ஈரத்துணியோடு வருகிறவன் என்று யாராவது ஓடிவந்து கைப்பிடியைப் பிடிப்பார்கள். இன்னொருவர் இருக்கையைப் பிடிப்பார். மூன்றாமவர் அவர் இடுப்பைப் பிடிப்பார். அவர் அப்படியே அந்தக் கைகளில் சாய்ந்துவிடுவார்.

அந்தக் காலத்துச் சைக்கிளில் சக்கரம் சுற்றுகிறவரைக்கும் மிதிகட்டையும் கூடவே சுற்றும். காலைச் சும்மா வைத்துக்கொண்டு உருள முடியாது. பின்சக்கரத்து அச்சில் சின்னதாக ஓர் இரும்புப் படி நீட்டிக்கொண்டிருக்கும். காலைப் பின்னால் கொண்டுபோய் அதில் ஊன்றி, பின்பக்கமாகக் குதிக்க வேண்டும். துரைமார்கள் அப்படித்தான் இறங்குவார்கள். "ஒரு நாள் உக்காந்து பழகிக்கிடுமே அண்ணாச்சி" என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். "வயசாயிட்டுவே, இனி எங்க?" என்பார். நாற்பதுகூட ஆகாத மனுஷர்.

பெயரைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. குடும்பத்தார் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அவரைப் பற்றிப் பேசுவதே பிடிக்காது. ஊர் அவரைச் சைக்கிள் அண்ணாச்சி என்றது. எனக்கும் அதுவே வாயில் நின்றுவிட்டது.

நான் அப்போது பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர், வேதக்காரன், அதாவது கிறிஸ்தவன். அவர் சைவர். நெற்றி நிறையத் திருநீறு, மரக்கறிச் சாப்பாடு, நிலமும் களமும் உள்ள வீடு. கால்வாய் இலாகா துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது சாமான்களை ஏலம் விட்டார். நாற்காலி வாங்கப் போன அண்ணாச்சி சைக்கிளோடு வந்து சேர்ந்தார். அதுவரை எனக்கு அவரைத் தெரியாது. எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துவைத்தது வாந்திபேதி.

மழை பிந்திப்போய் ஆறு பாறைகளுக்கு நடுவே நூலாக ஓடிய வருஷம் அது. குட்டைத் தண்ணீரைக் குடித்து வீடுவீடாகச் செத்தார்கள். பெற்றவர்களைப் பறிகொடுத்த பிள்ளைகளும், பிள்ளைகளைப் பறிகொடுத்த கிழங்களும் நடந்து நடந்து பாளையங்கோட்டைக்கு வந்தார்கள். ஆற்றங்கரைத் தோப்பில் பனையோலையால் ஒரு கொட்டகை போட்டுக் கஞ்சி ஊற்றினோம். நான் மருந்து பார்த்தேன். அரிசி அண்ணாச்சியுடையது. தன் வீட்டுப் பத்தாயத்தைத்தான் அவர் முதலில் காலி செய்தார். அதுவும் தீர்ந்துபோயிற்று. பிசான நெல் அறுப்புக்கு இன்னும் நாள் கிடந்தது. அதுவரைக்கும் அடுப்பு எரிந்தாக வேண்டும். எரியாவிட்டால் அந்தப் பிள்ளைகளை எங்கே அனுப்புவது? அனுப்புவதற்கு அவர்களுக்கு வீடு என்று ஒன்று இருந்தால்தானே?

எங்கள் சபைப் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. உலையில் அரிசி போடுவதற்கு முன்னால் ஒரு பிடி எடுத்துத் தனியாக ஒரு கலயத்தில் போட்டுவைப்பார்கள். பிடியரிசி என்று பெயர். அது எங்கள் வேதக்கோயிலுக்குப் போகும். இதை நான் பேச்சுவாக்கில் சொல்லப்போக, அண்ணாச்சி பிடித்துக்கொண்டார். ஆற்றோரமாகவே கடல்வரைக்கும் சைக்கிளில் போவது. ஊர் ஊராகப் பிடியரிசி எடுத்துவைக்கச் சொல்வது. திரும்பி வரும்போது மாட்டுவண்டியில் அள்ளிக்கொண்டு வருவது. இதுதான் அவர் போட்ட திட்டம்.

"வண்டிதான் வருதே அண்ணாச்சி. அதுலயே உக்காந்து வந்தா என்ன? சைக்கிள் எதுக்கு?" என்று கேட்டேன்.

"உம்ம மாட்டுவண்டியப் பாக்க எவன்வே வெளிய வருவான்?" என்றார்.

ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டு, மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறினேன். வண்டிக்காரன் பெயர் சுடலைமுத்து. அவனுக்கு அந்தச் சைக்கிளைக் கண்டாலே ஆகாது. மாடு மிரளுகிறது என்பான்.

சீவலப்பேரிக்குக் கொஞ்சம் இப்பால் நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். ஊருக்குள் செருப்புப் போட்டு நடக்கக்கூடாது என்று வைத்திருந்த ஆட்களில் ஒருவன், முழங்கால் சேற்றோடு வரப்பில் நின்றான். அண்ணாச்சி மணியடித்துச் சத்தம் போட்டபோது பக்கத்தில் வேறு ஆளே இல்லை. அவன் சைக்கிளுக்குப் பக்கத்தில் ஓடுகிறானே தவிர கையை நீட்டவில்லை.

"சாமி, நான் தொடலாமா சாமி?" என்று ஓடிக்கொண்டே கேட்டான்.

"ஏலே, நான் விழுந்தபெறவா கேப்பே? பிடிலே!"

பிடித்துவிட்டான். பிடித்த கையைப் பார்த்துக்கொண்டே நின்றான். அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒன் வீடு எங்கன?" என்றார்.

"அந்தா, ஓடைக்கு அங்கிட்டு சாமி."

"நட. தண்ணி தவிக்கு."

அந்த வீட்டுப் பெண் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். எந்தப் பாத்திரத்தில் கொடுப்பது என்று அவர்களுக்குள் ஒரே குழப்பம். அண்ணாச்சி பானைக்குப் பக்கத்தில் கிடந்த கலயத்தை எடுத்து, தானே முகந்து, வாய்வைத்துக் குடித்தார். எனக்கு வேர்த்துவிட்டது. நாங்கள் வேதத்துக்கு வந்து எத்தனையோ தலைமுறை ஆகியும் இந்த விஷயத்தில் எங்கள் ஆட்களே அந்த அளவுக்குத் துணிந்ததில்லை.

அன்றிலிருந்து அது அவருக்குச் சட்டமாகிவிட்டது. எந்த ஊரில் யார் கை முதலில் சைக்கிளில் படுகிறதோ, அவர் வீட்டில்தான் முதல் தண்ணீர். பண்ணையாராக இருந்தாலும் சரி, வண்ணாராக இருந்தாலும் சரி. யாராவது முகத்தைச் சுளித்தால், "விழப்போன என்னைப் பிடிச்சது அவன். வேற எவன் வீட்டுல போயி நான் தண்ணி குடிக்கணும்ங்கீரு?" என்று கேட்பார்.

தண்ணீர் குடித்தபிறகு கூட்டத்தின் நடுவில் நின்று பேசுவார். தாருங்கள் என்ற சொல் அவர் வாயில் வராது. "கொட்டகையில நேத்து ஒரு பிள்ளை கேட்டா. 'நாளைக்கும் அடுப்பு எரியுமா மாமா?'ன்னு கேட்டா. நான் என்னன்னு சொல்ல? நீங்களே சொல்லுங்க, நான் போயி அவகிட்டச் சொல்லிருதேன்." இவ்வளவுதான். அப்படியொரு பிள்ளை நிஜமாகவே இருந்தாள், கேட்டதும் நிஜம். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அன்றைக்கே கலயம் எடுத்துவைக்கப் போய்விடுவார்கள்.

வேடிக்கைகளுக்கும் குறைவில்லை. ஓர் ஊரில் அவர் உள்ளே போய்ச் சாப்பிட்டு முடிக்கிறவரை இரண்டு பேர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டே வெயிலில் நின்றார்கள். சுவரில் சாய்த்துவைக்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. "விட்டா விழுந்துரும்லா" என்றார்கள். ஒருவனுக்குக் கை கடுத்ததும் இன்னொருவன் வந்து மாற்றிக்கொண்டான். வேறோர் ஊரில் பெண்கள் சைக்கிளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, தேங்காய் உடைத்துவிட்டார்கள். நான் தடுக்கப் போனேன். "சும்மா இரும்வே. அரிசி போடுதாகள்லா" என்று என்னை அடக்கினார்.

ஆனால் சைக்கிளைவிட வேகமாகச் செய்தி ஓடியது. யார் யார் வீட்டிலெல்லாமோ தண்ணீர் குடிக்கிறார் என்று அவருடைய சொந்தக்காரர்களுக்குத் தெரிந்துவிட்டது. ஸ்ரீவைகுண்டத்தில் அவருடைய பெரியப்பா மகன் வீட்டில் கல்யாணத்து மறுவீட்டு விருந்து. எல்லாருக்கும் பந்தி உள்ளே. இவருக்கு மட்டும் கொல்லையில் கிணற்றடிப் பக்கம் இலை போட்டார்கள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்தில் நின்று, எழுந்துவிடும் என்று ஜாடை காட்டினேன். அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சொதியை இரண்டாம் தரம் கேட்டு வாங்கி, "உள்ளுக்குள்ள புழுக்கமா இருக்கும். இங்கனதான் காத்து நல்லா வருது" என்றார். பரிமாற வந்த பெண் அழுதுகொண்டே போனாள். அந்த வீட்டில் அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை.

ஏரலுக்குக் கொஞ்சம் இப்பால் ஆற்றங்கரையில் ஓர் ஊர். அவருடைய அக்காளைக் கட்டிக்கொடுத்த ஊர். அத்தான் பெரிய நிலக்காரர். அந்தப் பக்கத்திலேயே பெரிய பத்தாயம் அவர் வீட்டில்தான் இருந்தது. அந்த ஒரு வீடு மனசு வைத்தால் அறுப்புவரைக்கும் கவலையில்லை என்று அண்ணாச்சி புறப்பட்ட நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். அக்காளைப் பற்றிப் பேசினால் அவர் குரலே மாறிவிடும். தாய் இல்லாத அவரை வளர்த்தவள் அவள்.

நாங்கள் போய்ச் சேருமுன்பே அத்தான் தெருவுக்கு உத்தரவு போட்டிருந்தார். "அந்தச் சைக்கிள் வண்டிய எவனும் தொடப்பிடாது." இது எங்களுக்குப் பிறகுதான் தெரியும்.

அண்ணாச்சி முன்னால் போனார். நான் வண்டியில் பின்னால் வந்தேன். தெரு அகலமான தெரு. வாசலுக்கு வாசல் ஆட்கள் நின்றார்கள். அவர் மணியடித்தார். "பிடிங்கய்யா! வாரேன்!" என்றார். ஒருவரும் அசையவில்லை. அவர் மறுபடி கூப்பிட்டார். சைக்கிள் வேகம் குறைந்து ஆட ஆரம்பித்தது. அவர் ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டே வந்ததை நான் பார்த்தேன். அக்காள் வீட்டு வாசலில் அத்தான் மார்மேல் கைகட்டிக்கொண்டு நின்றார். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அக்காளின் முகம் தெரிந்தது. அந்த இடத்தில், வண்டிச்சக்கரம் சுவரில் மோதாமலிருக்க நட்டுவைத்த கல்லின்மேல் சைக்கிளோடு விழுந்தார்.

முழங்கால் பிளந்து வேட்டியெல்லாம் ரத்தம். நான் வண்டியிலிருந்து குதித்து ஓடுவதற்குள் அவரே எழுந்துவிட்டார். எழுந்து, சைக்கிளை நிமிர்த்தி, அந்த வாய் திறக்காத தெருவைப் பார்த்து, எல்லா ஊரிலும் சொன்னதையே சொன்னார். "கொட்டகையில ஒரு பிள்ளை கேட்டா, நாளைக்கும் அடுப்பு எரியுமான்னு." குரலில் கோபமில்லை. சொல்லி முடித்துவிட்டு, நொண்டிக்கொண்டே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஊரைவிட்டு வெளியே வந்தார். அந்த ஊரில் அவர் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை.

வாய்க்கால் கரையில் உட்காரவைத்துக் கட்டுப்போட்டேன்.

"வலிக்கா அண்ணாச்சி?"

"வலிக்குவே. நல்லா வலிக்கு" என்றார். நான் முடிச்சுப் போடும்போது, "அக்கா மெலிஞ்சிட்டா" என்றார்.

ஏரலைத் தாண்டித் தேரிக்காட்டுக்குள் போனால் சைக்கிள் சைக்கிளாக இருக்காது. செம்மண் மணல் முழங்கால்வரை புதையும். அங்கெல்லாம் சைக்கிள்தான் அவர்மேல் ஏறி வந்தது. தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார், அந்த முழங்காலோடு. உடைமுள் குத்தி டயர் கிழிந்தபோது பழந்துணியைத் திணித்துக் கட்டினோம். அப்படியும் குலசேகரன்பட்டினம் போய்ச் சேர்ந்தோம். அங்கே கடைத்தெருவில் அவரைப் பிடித்தவர் கப்பல் சரக்கு வியாபாரம் செய்த ஒரு மரைக்காயர். தொப்பி ஒரு பக்கம் பறக்க, வயிறு குலுங்க ஓடிவந்து கட்டிப்பிடித்துவிட்டார். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டே, "நான் பிடிச்சேனா, நீங்க பிடிச்சீங்களா, தெரியலையே" என்றார். அவர் வீட்டுத் தண்ணீரையும் அண்ணாச்சி குடித்தார். சதக்கா, தருமம் என்று சொல்லி அவர் ரங்கூன் அரிசி மூட்டைகளை எங்கள் வண்டியில் ஏற்றினார். அண்ணாச்சி திரும்பி நின்று வெகுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடலை அவர் அதற்கு முன்னால் பார்த்ததில்லையாம்.

திரும்புகால் நன்றாகவே இருந்தது. ஊருக்கு ஊர் கலயங்கள் காத்திருந்தன. கலயத்துக்குக் கலயம் அரிசி வேறு; சிவப்பு, வெள்ளை, குருணை, எல்லாம் ஒன்றாகச் சாக்கில் விழுந்தன. சுடலைமுத்துகூட மாட்டைத் திட்டுவதை நிறுத்திவிட்டான்.

தேரிக்காட்டு விளிம்பில் பனையேறிகளின் குடியிருப்பு ஒன்று. போகும்போது அங்கே சுகம். திரும்பும்போது இரண்டு குடிசைகளில் பேதி கண்டிருந்தது. நான் அண்ணாச்சியிடம் முன்கூட்டியே சொன்னேன். "இந்த ஊர்ல மட்டும் தண்ணி வேண்டாம். காய்ச்சின தண்ணி என்கிட்ட இருக்கு." அவரைப் பிடித்தவன் முந்தின நாள்தான் மனைவியைப் புதைத்தவன். பிடித்துவிட்டு, தானாகவே உள்ளே போய், ஊற்றுத் தண்ணீரை ஒரு பனையோலைப் பட்டையில் கொண்டுவந்து நீட்டினான். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று நான் தலையை ஆட்டினேன். அவர் வாங்கிக் குடித்தார். அந்த மனுஷன் மிச்சத்தைக் கீழே ஊற்றாமல் தானும் குடித்தான்.

மறுநாள் அதிகாலையில் ஏரல் சத்திரத்தில் அவர் ஒதுங்கிவிட்டு வந்த வேகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கன்னம் குழிந்துவிட்டது. கைவிரல் நுனியெல்லாம் சுருங்கிப்போயிருந்தது.

"வண்டியில ஏறிப் படும் அண்ணாச்சி. சாக்கை ஒதுக்குதேன்" என்றேன்.

"கோட்டி பிடிச்சிட்டா வே உமக்கு? அரிசிமேல நான் படுத்தா, பெறவு அந்த அரிசிய எவளாவது உலையில போடுவாளா? அத்தனை கையும் ஒவ்வொரு பிடியா போட்டது. எட்டியே வாரும். கிட்ட வராதயும்."

ஒரு மைல்கல்லைப் பிடித்து ஏறினார். சைக்கிள் அங்கும் இங்கும் அலைந்தது. நான் கல்லைப்போல வண்டியில் உட்கார்ந்திருந்தேன். அவர் சொன்னதில் தப்பில்லை. பேதிக்காரன் படுத்துவந்த அரிசி என்று ஒரு வார்த்தை கிளம்பினால் கொட்டகையிலேயே அதைத் தொடமாட்டார்கள்; அத்தனை ஊர்க் கலயமும் வீண். ஆனால் அடுத்த ஊர் எந்த ஊர் என்று அப்போதுதான் நினைத்தேன். அக்காள் ஊர்.

மணியை அவர் அடிக்கவில்லை. மேடுபள்ளத்தில் அதுவாகவே அடித்துக்கொண்டது. அது போதுமாக இருந்தது. அந்தத் தெருவிலிருந்து ஒருவன் ஓடிவந்தான். அவன் பின்னால் இன்னொருவன். பிறகு வாசல் வாசலாக இறங்கி வந்தார்கள். அன்றைக்கு அசையாமல் நின்ற அதே ஆட்கள், கையை நீட்டிக்கொண்டு, "அண்ணாச்சி, வாங்க! பிடிச்சிக்கிடுதோம், வாங்க!" என்று சத்தம் போட்டுக்கொண்டு வந்தார்கள். அன்றைக்கு அவர் விழுந்ததைப் பார்த்தபிறகு அந்தத் தெருவில் ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

ஊருக்கு வெளியே ஆற்றோரம் பெரிய மருதமரம் ஒன்று உண்டு. கூட்டம் அதற்கு அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது. அண்ணாச்சி அவர்களைப் பார்த்தார். சைக்கிளை மரத்தைப் பார்த்துத் திருப்பினார். இடது காலைப் பின்னால் கொண்டுபோனார். தேடவில்லை, தடுமாறவில்லை. பின்சக்கரத்துப் படியில் கால் போய்ச் சரியாக உட்கார்ந்தது. ஒரு துரை இறங்குவதுபோல லேசாகத் தரையில் இறங்கி, அதோடு இரண்டடி நடந்து, சைக்கிளை மரத்தில் சாய்த்துவைத்தார்.

அவர் பேதியில் இருக்கிறார் என்பதே ஒரு கணம் மறந்துபோயிற்று.

"அங்கனயே நில்லுங்க!" என்று கத்தினார். குரல் பிளந்துவிட்டது. "எனக்குப் பேதி கண்டுட்டு. ஒருத்தரும் கிட்ட வராதீங்க. வண்டியத் தொடாதீங்க." சொல்லிவிட்டு மரத்தடியில் சரிந்து உட்கார்ந்தார்.

நீட்டிய கைகள் அப்படியே நின்றன. நான் மருந்துப் பெட்டியோடு இறங்கினேன். அதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். அந்த வீட்டுப் பெண்கள் அப்படித் தெருவில் நடந்து யாரும் பார்த்ததில்லை.

"அக்கா, வராத" என்றார் அண்ணாச்சி. "எட்டி நில்லு."

"ஏட்டி, அங்கனயே நில்லு!" என்று பின்னாலிருந்து அத்தானின் குரல் வந்தது.

அவள் நிற்கவில்லை. "வண்டியத் தொடப்பிடாதுன்னு ஒங்க அத்தானும் சொன்னாக. இப்பம் நீயும் அதையே சொல்லுத. நான் எங்கலே வண்டியத் தொட்டேன்? என் தம்பியத்தான தொடுதேன்" என்று சொல்லிக்கொண்டே அவர் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கினாள். ஒல்லியான பெண். தூக்க முடியவில்லை. மறுபக்கம் நான் பிடித்தேன். அப்புறம் இன்னும் கைகள் வந்தன. யார் யாருடையவை என்று நான் பார்க்கவில்லை.

மாட்டுத் தொழுவத்தில் புது வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்தாள். நான் உப்புப் போட்ட கஞ்சித்தெளிவைக் கொடுக்கச் சொன்னேன். குழந்தைக்குப் புகட்டுகிற பாலாடையால், துளித்துளியாக, விடாமல் ஊற்றிக்கொண்டிருந்தாள். கண் சொருகியபோதெல்லாம் கன்னத்தில் தட்டி, "முழுங்குலே, எய்யா, முழுங்கு" என்றாள். பிழைக்கமாட்டார் என்றுதான் நான் நினைத்தேன். பிழைத்தார்.

அத்தான் தொழுவத்துப் பக்கம் வரவேயில்லை. ஆனால் அண்ணாச்சிக்கு நாடி திரும்பிய அன்று காலையில் பத்தாயம் திறக்கிற சத்தம் கேட்டது. எங்கள் வண்டிக்குப் பின்னால் அவர் வீட்டு வண்டிகள் நெல்லோடு வந்து நின்றன. வண்டியோட்டிகளிடம் அவரே, "பாளையங்கோட்டைக் கொட்டகையில கொண்டுபோய் இறக்குங்கலே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பிசான அறுப்புவரைக்கும் கொட்டகை அடுப்பு அணையவில்லை.

புறப்படுமுன் நான் அவர் பக்கத்தில் வைக்கோலில் உட்கார்ந்தேன். இதைக் கேட்காமல் எனக்கு ஊர்போய்ச் சேர முடியாது என்று இருந்தது.

"இறங்கத் தெரியுமா அண்ணாச்சி உமக்கு?"

கண்ணைத் திறக்காமலே சிரித்தார். "ஏலத்துல எடுத்த அன்னைக்கே தொரையோட பியூன் சொல்லித்தந்துட்டான்."

"பெறவு எதுக்கு இத்தன நாளும் 'பிடிங்க, பிடிங்க'ன்னு?"

"கேக்கப் போனா கதவச் சாத்துதாகவே. விழப்போனா ஓடி வாராக."

"சரி. இந்தத் தெருவுல ஒருத்தரும் ஓடி வரலையே. அன்னைக்காவது இறங்கியிருக்கலாம்லா? எதுக்கு விழுந்தீரு?"

"நான் பாட்டுக்கு இறங்கிட்டா, பிடிக்காம நின்னோம்ங்கது அவுகளுக்கே தெரியாமப் போயிரும்லா" என்றார்.

"அப்பம் மருதமரத்துக்கிட்ட?"

"அதான் வந்துட்டாகளே. அத்தன பேரும் கைய நீட்டிக்கிட்டு வந்துட்டாகளே வே. வந்தவுகமேல விழலாமா?"

எங்கள் வேதத்தில் மனுஷரைக் கும்பிடுகிற வழக்கம் இல்லை. கண்டால் தோத்திரம் சொல்வதோடு சரி. சுடலைமுத்து வாசலில் மாட்டைப் பூட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். நான் அந்தத் தொழுவத்தில், சாணி மெழுகிய தரையில் முழங்கால்போட்டு, இரண்டு கையையும் சேர்த்து அவரைக் கும்பிட்டேன்.